வழுக்கைப் பயமும் வழுக்கை வியாபாரமும்

பேய், பில்லி, சூனியம், ஏழரை நாட்டுச் சனி என்கின்ற பயங்களையெல்லாம் விட்டுத் தொலைத்துவிட்டோம் என்று மார்தட்டிக்கொள்ளும் வாலிபர்களிடத்திலுங்கூட ஒரு பயம் குடிகொண்டிருப்பதைக் காண்கின்றோம். காலையில் எழுந்தவுடன் தலையணையைப் பார்ப்பதும், சீப்பைப் பார்ப்பதும், குளித்த இடத்தில் சாக்கடை வாயைப் பார்ப்பதும், அங்கே கிடக்கின்ற மயிர்களை ஒன்று இரண்டு என்று எண்ணுவதும், எண்ணி முடிந்தவுடன் முகம் வாடுவதுமாக இருக்கின்றார்கள். (மயிர் என்று எழுதுவதற்காக யாரும் முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. வள்ளுவர் எழுதிய சொல்தான். அதை வசைச் சொல்லாக்கிக்கொண்டவர்கள் நாம்.) இப்படி எண்ணுகின்றவர்களில் பலருக்கு வழுக்கை என்பதே கிடையாது. மெய்யாகவே வழுக்கை துவங்கியவர்களில் பலரோ, கீழே ஒன்றும் அதிகமாய் விழக்காணோம் என்று கவலையற்று இருந்துவிடுகின்றார்கள். இந்த இரண்டு கூட்டத்தாருடைய அறியாமையின் மேலும் ஒரு பெரிய வியாபாரம் நடந்து வருகின்றது. ஆகவே உதிர்வது எது, வழுக்கை எது என்பதை அவரவர் கண்ணைக் கொண்டே அறிந்துகொள்ளும்படியாகச் சில சங்கதிகளைச் சொல்ல விரும்புகின்றோம்.

மயிர் உதிர்வது வியாதியல்ல. மனிதன் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் மயிர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு வருஷம் வரை மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வீதம் வளருகின்றது. பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, சுமார் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு, உதிர்ந்து போகின்றது. அதே குழியிலிருந்து வேறொன்று முளைக்கின்றது. சராசரி ஆயுள் மூன்று வருஷம் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் நாளுக்குச் சற்று மேலாகின்றது. ஒரு லட்சத்தை ஆயிரத்தால் வகுத்துப் பார்த்தால் எவ்வளவு வருகின்றது? நூறு. ஆகவே ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு வரை உதிர்வது என்பது நான்காம் வகுப்புப் பையனுக்கும் விளங்கக்கூடிய கணக்கேயொழிய தலைக்கு வந்த ஆபத்து அல்ல.

இந்தக் கணக்குத் தெரியாததால் வரும் வேடிக்கைகளில் சனிக்கிழமை எண்ணெய்க் குளி ஒன்று. வாரத்தில் ஒருநாள் தலை முழுகுகின்றவனுக்கு ஞாயிறு முதல் வெள்ளி வரையில் குழியை விட்டுக் கழன்ற மயிர்களில் பெரும்பாகம் மற்ற மயிர்களுக்கிடையில் சிக்கிக்கொண்டு தலையிலேயே இருக்கின்றது. சனிக்கிழமை எண்ணெயைத் தேய்த்து, சீயக்காயைப் போட்டுப் பரபரவென்று அலசும்போது அத்தனையும் ஒரே நேரத்தில் கைக்கு வருகின்றன. உடனே “இந்த எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை” என்று வேறு எண்ணெய்க்குப் போகின்றான். அடுத்த சனிக்கிழமையும் அப்படியே வருகின்றது. சிலர் பயந்துகொண்டு தலை முழுகுவதையே தள்ளிப் போடுகின்றார்கள். தள்ளிப் போட்ட நாளுக்கும் சேர்த்து அடுத்த தடவை இன்னும் ஒரு பிடி அதிகமாக வருகின்றது. எண்ணெயும் குற்றவாளியல்ல, சீயக்காயும் குற்றவாளியல்ல, சனி பகவானும் குற்றவாளியல்ல.

மற்றொன்று, உதிர்ந்த மயிரின் அடியில் வெள்ளையாக ஒரு சிறு குமிழ் இருப்பதைப் பார்த்துவிட்டு, “ஐயோ, வேரோடு போய்விட்டதே” என்று கலங்குவது. அது வேரல்ல. ஓய்ந்துபோன மயிரின் அடி முடிச்சு அது. இயல்பாக உதிர்ந்ததற்கு அதுவே அடையாளம். முளைக்கும் இடம் தோலுக்குள் பத்திரமாகவே இருக்கின்றது. தென்னையில் பழுத்த மட்டை அடிப்பாகத்தோடு விழுவதைப் பார்த்து, மரமே போயிற்று என்று யாரும் ஒப்பாரி வைப்பதில்லையல்லவா?

நிற்க, திடீரென்று கைநிறையக் கொட்டுவதாகச் சொல்லுகின்றவர்களின் சங்கதி வேறு. நமது வீடுகளில் ஒரு பேச்சு உண்டு: குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் துவங்கினால் தாய்க்கு மயிர் கொட்டும் என்பார்கள். குழந்தையின் சிரிப்புக்கும் தாயின் தலைக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சில் காலக் கணக்கு மாத்திரம் சரியாக இருக்கின்றது. கர்ப்ப காலத்தில் உதிராமல் தங்கியிருந்த மயிர்களெல்லாம் பிரசவம் ஆனவுடன் ஒன்றாக ஓய்வுக்குப் போகின்றன. ஓய்வுக் காலம் மூன்று மாதம். மூன்றாம் மாதத்தில் அவை ஒன்றாக உதிருகின்றன. அதே மூன்றாம் மாதத்தில்தான் குழந்தையும் முகம் பார்க்கின்றது. இரண்டும் ஒரே நாளில் வந்த விருந்தாளிகள். நம் பாட்டிமார்கள் ஒருவனை மற்றவனுக்கு அப்பனாக்கிவிட்டார்கள்.

இதே காரியம் ஆண்களுக்கும் நடக்கின்றது. டைபாய்டு, டெங்கு போன்ற கடுங்காய்ச்சல், பெரிய அறுவைச் சிகிச்சை, உடல் இளைக்கவேண்டுமென்று திடீரென்று பட்டினி கிடப்பது, உள்ளத்தைக் குலுக்கும் பெருந்துக்கம், இவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தால் தலையில் உள்ள மயிர்களில் ஒரு பங்கு ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடுகின்றது. இரண்டு மூன்று மாதம் சென்றபின் கொட்டுகின்றது. அதற்குள் காய்ச்சல் மறந்துபோய்விடுவதால், நேற்று மாற்றிய சோப்பின் மேல் பழி விழுகின்றது. 1961-ஆம் வருஷத்தில் ஆல்பர்ட் கிளிக்மன் என்னும் அமெரிக்கத் தோல் வைத்தியர் இதைப் பிரித்தெடுத்து விளக்கிப் பெயரும் வைத்தார். 2020-லும் 2021-லும் கொரோனாக் காய்ச்சல் கண்டு எழுந்தவர்களில் அநேகர் இப்படிக் கொட்டக் கண்டார்கள். இது தலை முழுவதும் பரவலாகக் கொட்டும். நெற்றியோரத்தை மாத்திரமோ உச்சியை மாத்திரமோ தேடிப் பிடிக்காது. காரணம் நீங்கியிருந்தால் பெரும்பாலும் ஆறு மாதத்திற்குள் கொட்டுவது நின்றுவிடும். கொட்டியதெல்லாம் திரும்ப முளைக்கும். ஆறு மாதத்திற்கு மேலும் நிற்கவில்லையென்றால் ரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவோ, தைராய்டு என்னும் கழுத்துச் சுரப்பியின் கோளாறோ இருக்கக்கூடும். அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டுமேயொழிய மூலிகைத் தைலம் பயன்படாது. சோகையைத் தைலத்தால் குணப்படுத்தப் பார்ப்பது, வயிற்றுப் பசிக்கு முதுகில் சந்தனம் பூசுவதைப் போன்றதாகும்.

இனி ஆண்களின் வழுக்கைக்கு வருவோம். இதில் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது என்னவென்றால், இது கொட்டுவதால் வருவதல்ல. முளைப்பது கெடுவதால் வருவது. ஒரே வயலில் ஒவ்வொரு போகத்திற்கும் கதிர் குட்டையாகிக்கொண்டே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். அறுவடைக்குக் குறைவில்லை, நாற்று எண்ணிக்கையும் குறையவில்லை, ஆனால் விளைச்சல் மெலிந்துகொண்டே வந்து கடைசியில் புல்லாகிவிடுகின்றது. அதுபோலவே நெற்றியின் இரண்டு மூலையிலும் உச்சியிலும் உள்ள குழிகள் வரவரச் சுருங்குகின்றன. ஒவ்வொரு தடவை முளைக்கும்போதும் மயிர் முன்னிலும் மெல்லியதாக, முன்னிலும் குட்டையாக முளைத்து, முடிவில் கண்ணுக்குத் தெரியாத பூனை மயிராகின்றது. ஆகையால்தான் நாளைக்கு ஐம்பதுகூட உதிராதவனுக்கும் வழுக்கை விழுகின்றது; நூற்றைம்பது உதிருகின்றவன் அறுபது வயதிலும் தலை நிறைய மயிரோடு இருக்கின்றான்.

இதன் காரணம் என்ன? பூர்வ ஜென்ம பாவமா? அதிக மூளை உழைப்பா? விதை எடுக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று அரிஸ்டாட்டிலே எழுதி வைத்திருக்கின்றார். 1942-ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்னும் அமெரிக்க உடற்கூற்று அறிஞர் இதை ஆராய்ந்தார். பருவம் அடைவதற்கு முன்பே விதை இழந்தவர்களுக்கு வழுக்கை இல்லை என்று கண்டார். அவர்களுக்கு ஆண்மைச் சுரப்பு நீரை மருந்தாகக் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு வழுக்கை விழுந்தது. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறவாதவர்களுக்கு விழவில்லை. ஆக, சுரப்பு நீர் ஒன்று, பிறப்பு வழி ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கின்றது. அந்தச் சுரப்பு நீர் உடம்புக்குள் டி.எச்.டி. என்னும் வேறொரு வடிவமாக மாறித்தான் குழிகளைச் சுருக்குகின்றது என்பது பிற்பாடு தெரிய வந்தது. அம்மாறுதலுக்கு வேண்டிய பொருள் பிறவியிலேயே குறைந்திருந்த சில குடும்பத்தாரை டொமினிக்கன் குடியரசில் கண்டு 1974-ல் எழுதினார்கள். அக்குடும்பத்து ஆண்களுக்கு இவ்வழுக்கை விழவில்லை.

வழுக்கை உள்ளவனுக்கு ஆண்மை அதிகம் என்று இதைக்கொண்டு சிலர் பெருமையடித்துக்கொள்கின்றார்கள். அதுவும் தப்பு. சுரப்பு நீரின் அளவில் வழுக்கை உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் பெரிய பேதமில்லை; குழி அதற்கு மசிகின்றதா இல்லையா என்பதில்தான் வித்தியாசம். “தாய்மாமன் தலையைப் பார்த்தால் உன் தலை தெரியும்” என்பதோ பாதி உண்மை. இதற்குரிய மரபுக் கூறுகளில் முக்கியமான ஒன்று தாய்வழியாக வருவது மெய். ஆனால் வேறு பல கூறுகள் தந்தை வழியாகவும் வருகின்றன. தகப்பனைக் கொண்ட தலைகளும் ஏராளம். மாமன் தலை நிறைய மயிர் இருக்கின்றதென்று சும்மா இருப்பதும், மாமன் வழுக்கையென்று பதினெட்டு வயதிலேயே அழுவதும் இரண்டும் வேண்டாத வேலை.

இப்போது நம்மவர்களில் படித்தவர் படியாதவர் எல்லோரும் ஒருமுகமாக நம்பும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுதான் தண்ணீர். “ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரால் கொட்டிவிட்டது” என்று சென்னையில் இருப்பவன் சொல்லுகின்றான். “அரபு நாட்டுத் தண்ணீரால் கொட்டிவிட்டது” என்று துபாய்க்கும் குவைத்துக்கும் பிழைக்கப் போனவன் சொல்லுகின்றான். மோட்டார் சைக்கிளில் போகின்றவன் தலைக்கவசத்தின் மேல் பழியைப் போடுகின்றான். இவர்கள் எல்லோரையும் நாம் ஒரே கேள்வி கேட்கின்றோம். அந்தத் தண்ணீரை முன்தலைக்கு மாத்திரமா ஊற்றிக்கொள்கின்றீர்கள்? பின்தலையிலும் காதோரத்திலும் அதே தண்ணீர்தானே வழிகின்றது? கவசம் பின்தலையையும் சேர்த்துத்தானே மூடுகின்றது? அங்கே ஏன் வழுக்கை விழவில்லை? உப்புத் தண்ணீர் மயிரை முரடாக்கலாம், சிக்காக்கலாம், பாதியில் முறியவும் செய்யலாம். ஆனால் பின்தலையை விட்டுவிட்டு நெற்றி மூலையை மாத்திரம் பார்த்துக் கடிக்கும் சாமர்த்தியம் தண்ணீருக்குக் கிடையாது. கப்பல் ஏறும் வயது இருபத்திரண்டு, இருபத்தைந்து. வழுக்கை வெளிப்படத் துவங்கும் வயதும் பலருக்கு அதுவே. குழந்தையின் சிரிப்புக் கதைதான் இங்கும்.

இதற்குக் கண்கூடான நிரூபணமும் இருக்கின்றது. 1950-களில் நியூயார்க்கில் நார்மன் ஓரன்டிரைச் என்னும் வைத்தியர் பின்தலைத் தோலைச் சிறு சிறு வட்டமாக எடுத்து வழுக்கை விழுந்த முன்தலையில் நட்டார். அவை அங்கே காயாமல், பின்தலையில் எப்படி வளர்ந்தனவோ அப்படியே வளர்ந்தன. குற்றம் முன்தலை மண்ணில் இல்லை, பாயும் தண்ணீரில் இல்லை, ஓடும் ரத்தத்திலும் இல்லை. குழியின் குணத்தில் இருக்கின்றது என்பது இதனால் வெளிப்பட்டது. அவர் அதை 1959-ல் எழுதி வெளியிட்டார். ரத்த ஓட்டத்தைக் கூட்டுகின்றேன் என்று தலையைத் தேய்த்துக் காசு வாங்குகின்றவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுகின்றார்கள்?

ஆனால் என் தலையில் நடப்பது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றால், எண்ணுவதை விட்டு இடத்தையும் பருமனையும் பார்க்கவேண்டும். சிறுபிள்ளையின் நெற்றிக்கோடு நேராகவும் கீழாகவும் இருக்கும். பதினேழு வயதுக்கு மேல் அது எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரு விரல் அளவு மேலே ஏறி நின்றுவிடுவது சகஜம். இது ஆள் ஆனதற்கு அடையாளமேயன்றி வழுக்கையல்ல. (ஏறுநெற்றி அதிர்ஷ்டம் என்று சொல்லும் சோசியர்களுக்கு, அந்த நெற்றி இன்னும் ஏறி உச்சியைத் தொட்டால் அதிர்ஷ்டமும் அவ்வளவுக்கு ஏறுமா என்று யாராவது கேட்டுச் சொன்னால் நல்லது.) அப்படி நிற்காமல், இரண்டு மூலையும் நடுவை விட்டுவிட்டு உள்ளே குடைந்துகொண்டு போனால் அது துவக்கம்.

உச்சியில் சுழி இருக்கும் இடத்தில் எல்லோருக்குமே கொஞ்சம் தோல் தெரியும். மயிர் அங்கே நாலு பக்கமும் படுத்துக்கொள்வதே காரணம். அதைச் செல்போனில் படம் பிடித்துப் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்கள் இருக்கின்றார்கள். இரட்டைச் சுழி இருந்தால் இரண்டு பெண்சாதி என்று நம்புகின்ற நாட்டில் சுழியைக் கண்டு கலவரப்படுவது ஆச்சரியமில்லைதான். ஒரு தடவை பார்த்ததில் ஒன்றும் தெரியாது. தலை காய்ந்திருக்கும்போது, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், மூன்று மாதத்திற்கு ஒருமுறை நெற்றியையும் உச்சியையும் படமெடுத்து வைத்து ஒரு வருஷம் கழித்து ஒப்பிட்டால் தெரியும். தெரியும் தோல் அகலித்துக்கொண்டே போகின்றதா என்பதுதான் கேள்வி.

அப்படியே உதிர்ந்த மயிரையும் ஒரு வெள்ளை வேட்டியின் மேல் பரப்பிப் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே பருமனாக இருந்தால் அது இயல்பான உதிர்வு அல்லது காய்ச்சலுக்குப் பிந்திய கொட்டல். நடுநடுவே மெல்லிய, குட்டை மயிர்கள் நிறைய இருந்தால் சந்தேகப்படவேண்டும். கிராப்பு வெட்டிக்கொண்டவனுடைய மயிரும் குட்டைதானே என்றால், வெட்டிய மயிரின் நுனி மொட்டையாக இருக்கும். வளர மாட்டாமல் விழுந்த மயிரின் நுனி ஊசிபோல் கூராக இருக்கும். இன்னொரு சோதனை டாக்டர்கள் செய்வது. ஐம்பது அறுபது மயிரைச் சேர்த்துப் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை மெதுவாக இழுப்பார்கள். ஒன்றிரண்டு வந்தால் சரி. ஆறுக்கு மேல், அதுவும் தலையின் எல்லாப் பக்கத்திலும், வந்தால் கொட்டல் நடக்கின்றதென்று பொருள். வழுக்கைக்காரனுக்கோ அநேகமாக ஒன்றும் வராது. அது மாத்திரமல்ல, இரண்டும் ஒருவனுக்கே ஒரே காலத்தில் வருவதும் உண்டு. மெதுவாக வழுக்கை விழுந்துகொண்டிருந்தவனுக்கு டெங்கு வந்து கொட்டினால், அதுவரை மறைந்திருந்தது வெளியாகிவிடும். திரும்ப முளைப்பதும் முழுவதும் முளைக்காது.

வட்டமாக ஒரு காசளவு மாத்திரம் வழவழவென்று ஆவது இரண்டிலும் சேர்ந்ததல்ல. அதற்குப் புழுவெட்டு என்று பெயர் வைத்திருக்கின்றோம். அங்கே எந்தப் புழுவும் வெட்டுவதில்லை. உடம்பின் காவல் சக்தியே ஆள் தெரியாமல் தன் மயிர்க்குழியைத் தாக்குவதால் வருவது அது. பலருக்கு ஒரு வருஷத்திற்குள் தானாகவே முளைத்துவிடும். முளைக்கும் சமயத்தில் எதைத் தேய்த்துக்கொண்டிருந்தானோ அந்த மருந்துக்குப் புகழ் கிடைத்துவிடும். குழந்தைகளின் தலையில் செதிலும் அரிப்புமாக மயிர் முறிந்தால் அது பெரும்பாலும் படர்தாமரை. அதற்கு உள்ளே சாப்பிடும் மருந்து வேண்டும். மந்திரிப்பதற்கு ஓடக்கூடாது.

மொட்டை அடித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்பது அடுத்த புரட்டு. 1928-ல் மில்ட்ரட் டிராட்டர் என்னும் அம்மையார் மழிப்பதால் மயிரின் பருமனோ வேகமோ மாறுகின்றதா என்று அளந்து பார்த்து, மாறவில்லையென்று எழுதினார். மழித்த மயிரின் நுனி மொட்டையாக இருப்பதால் கைக்கு முரடாகத் தெரிகின்றது, அவ்வளவுதான். மழிக்கும் கத்தி தோலுக்கு மேலே போகின்றது. குழி தோலுக்குள்ளே இருக்கின்றது. திருப்பதியில் விழுகின்ற மயிரால் அடர்த்தி கூடுவது தேவஸ்தானத்தின் ஏலக் கணக்கில்தான்.

வியாபாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகின்றோம். நம் நாட்டில் 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணையில், குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக்கூடாத வியாதிகளின் பட்டியல் இருக்கின்றது. அதில் வழுக்கையும் உண்டு, புது மயிர் முளைப்பிப்பதும் உண்டு. அமெரிக்காவிலும் 1989-ல், சீட்டில்லாமல் விற்கப்படும் மயிர் வளர்க்கும் சரக்குகள் பயனுள்ளவையாக ஒப்புக்கொள்ளப்படவில்லை என்று அரசாங்க மருந்து இலாகா தீர்மானித்தது. இருந்தும் செல்போனைத் திறந்தால் நாற்பது நாளில் முளைக்கும் தைலம்! சாமர்த்தியம் எங்கே இருக்கின்றதென்றால், காய்ச்சலுக்குப் பிறகு கொட்டியவன் மூன்று மாதம் தைலம் தடவினால் முளைக்கத்தான் செய்யும், தடவாவிட்டாலும் முளைத்திருக்கும். அவன் எழுதிக் கொடுக்கும் நற்சாட்சிப் பத்திரத்தைக் காட்டி வழுக்கைக்காரனிடம் விற்கின்றார்கள்.

பயனுண்டென்று சோதித்துக் கண்ட மருந்துகள் இரண்டுதான் முக்கியமானவை. ஒன்று மினாக்சிடில். ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரை, சாப்பிட்டவர் உடம்பெல்லாம் மயிரை வளர்த்ததைக் கண்டு தலைக்குத் தடவும் மருந்தாக்கினார்கள். அமெரிக்காவில் 1988-ல் அனுமதி பெற்றது. மற்றொன்று பினஸ்டிரைடு மாத்திரை, 1997-ல் அனுமதி பெற்றது, டி.எச்.டி. உண்டாவதைக் குறைப்பது. இவை இருக்கின்ற குழியைக் காக்குமேயொழிய, வழவழவென்றாகிப் பல வருஷமான தலையில் பயிர் செய்யாது. ஆகையால்தான் துவக்கத்திலேயே அடையாளம் காண்பது அவசியம் என்கின்றோம். மினாக்சிடில் தடவத் துவங்கிய முதற்சில வாரங்களில் பழைய மயிர் கொஞ்சம் கொட்டும். அதைக் கண்டு பயந்து நிறுத்துகின்றவர்கள் அநேகர். இரண்டில் எதை நிறுத்தினாலும் சில மாதங்களில் பழைய கதிதான். பினஸ்டிரைடு சிலருக்கு ஆண்மைக் குறைவையும் மனச் சோர்வையும் உண்டாக்கலாம். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கி விழுங்குகின்ற பொருள் அல்ல அது. மயிர் நடுவதும் அறுவைச் சிகிச்சைதான். 2016-ல் சென்னையில் அதைச் செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவர் உயிரையே இழந்தார். மயக்க மருந்து கொடுப்பவர் யார், கத்தி பிடிப்பவர் யார் என்று கேட்காமல் அழகு நிலையத்துப் படியேறக்கூடாது.

ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. முன்தலையைச் சிரைத்துக் குடுமி வைத்திருந்த காலத்தில் நெற்றி மூலையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? ஐரோப்பாவை ஆட்டிவைத்த ஜூலியஸ் சீசர் மயிரை முன்னுக்கு வாரி விட்டுக்கொண்டார் என்றும், வெற்றி மாலையைத் தலையில் சூடிக்கொள்ளும் உரிமையை வழுக்கைக்காகவே விரும்பினார் என்றும் எழுதி வைத்திருக்கின்றார்கள். அவருக்கே அந்தக் கவலை இருந்ததென்றால், பெண் பார்க்கப் போகும் நம் வாலிபனை ஏன் குறை சொல்லவேண்டும்? ஆனால் இருபத்தெட்டு வயதுப் பையனை நெற்றி ஏறிவிட்டதென்று தள்ளிவிட்டு, ஜாதகம் பொருந்துகின்றதென்று குடிகாரனுக்குப் பெண்ணைக் கொடுக்கும் தகப்பன்மார்களை என்னவென்று சொல்லுவது!

சந்தேகம் தீராதவர்கள் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் உள்ள தோல் நோய்ப் பிரிவுக்குப் போய்க் காட்டலாம். தலையில் எரிச்சல், சீழ், வலி, தழும்பு இருந்தால் நாள் கடத்தாமல் போகவேண்டும். தழும்பான குழியில் மறுபடி முளைக்காது. போகின்றபோது, கடந்த ஆறு மாதத்தில் என்ன காய்ச்சல் வந்தது, என்ன மாத்திரை சாப்பிட்டது, எந்த மாதத்திலிருந்து கொட்டுகின்றது என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, பழைய படம் இரண்டையும் எடுத்துக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை குறையும். அன்று காலையில் எண்ணெய் தடவிக்கொண்டு போகவேண்டாம்.